கருவில் படும் ஹார்மோனும் பிள்ளையின் சுபாவமும்: கேள்வி பதில்

கே: ஐந்தாம் மாதம் அக்கா. ஆபீஸில் ஓயாத டென்ஷன். என் உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் முழுக்கக் குழந்தைக்குப் போகுமா?

ப: போகாது. நஞ்சுக்கொடியில் உள்ள 11-பீட்டா ஹெச்.எஸ்.டி.-2 என்ற நொதி, அதில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். கர்ப்பத்தில் கார்டிசால் இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு ஏறும். நீங்களாக டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் ஓரத்தில் உள்ள, கர்ப்பமில்லாதவர்களுக்கான 'நார்மல்' எண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

கே: இருமலுக்கு மாமியார் அதிமதுரக் கஷாயம் தருகிறார். குடிக்கலாமா?

ப: வேண்டாம். அதிலுள்ள கிளைசிரைசின் அந்த நொதியையே முடக்கும், பிரஷரையும் ஏற்றும். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் சர்வசாதாரணம். கர்ப்பத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள், 12 வயதுவாக்கில் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினார்கள், கவனச் சிதறலும் கூடுதல் என்றது 2017-இல் வந்த ஆய்வு. காரணம் இதுதான் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு இருமலுக்கு எதற்கு வம்பு? தெரியாமல் ஒருவேளை குடித்திருந்தால் பயம் வேண்டாம்.

கே: குறைப்பிரசவம் ஆகலாம் என்று ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்கிறார்கள். அதுவும் கார்டிசால் மாதிரிதானே?

ப: அந்த ஊசியில் உள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நஞ்சுக்கொடி நொதியால் அவ்வளவாக முடக்க முடியாது, அதனால் குழந்தையை எட்டும். தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். 6 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் 4 ஊசி. குழந்தையின் நுரையீரல் முதிர அது தேவை, மறுக்காதீர்கள். தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் போடுவதுதான் தவறு.

கே: கருவிலேயே அழுத்தம் பட்ட பிள்ளை காலம் முழுக்கப் படபடப்பாகத்தான் இருக்குமா?

ப: அப்படி விதிக்கப்படவில்லை. உளவியல் ஆய்வாளர்களான ஜே பெல்ஸ்கியும் மைக்கேல் ப்ளூஸும் 2011-இல் வேறு கோணம் வைத்தார்கள்: கரு அழுத்தம் பிள்ளையைக் கெடுப்பதைவிட, சூழலை அதிகம் உள்வாங்குகிறவனாக ஆக்கலாம். பிறகு பெல்ஸ்கி உள்ளிட்ட ஒரு குழுவினர் இதை பிரெய்ரி வோல் என்ற எலி போன்ற விலங்கினத்தில் சோதித்தார்கள். கருவில் அழுத்தம் பட்ட குட்டிகளை வேறு ஜோடிகளிடம் வளரவிட்டார்கள். நன்றாக அரவணைத்த ஜோடியிடம் வளர்ந்தவை எல்லாரையும்விட அமைதி. அரவணைப்புக் குறைந்தவை எல்லாரையும்விடப் பதற்றம். அழுத்தம் படாத குட்டிகளுக்கோ வளர்ப்பால் பெரிய வித்தியாசமே இல்லை. மனிதர்களில் இப்படிப் பிரித்துப் பார்ப்பது கடினம்: வளர்ப்பவளும் அதே தாய், மரபணுவில் பாதியும் அவளுடையதே.

கே: என் பிள்ளை அந்த ரகமா என்று மோதிர விரல் நீளத்தை வைத்துச் சொல்லலாமாமே?

ப: முடியாது. ஆள்காட்டி விரல், மோதிர விரல் நீளங்களின் விகிதம் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனோடு தொடர்புபடுத்தப்படுவது, கார்டிசாலோடு அல்ல. அதிலும் கூட்டத்தின் சராசரிக்குத்தான் பேசும். ஒரு பிள்ளையின் கையைப் பார்த்துச் சொன்னால் அது கைரேகை ஜோசியம்.