'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி: வண்டிக் கேள்விகளுக்குப் பட்டறைப் பதில்கள்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்தில் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம் வைத்திருக்கிறேன். உரமூட்டை, சாமான், ஆட்கள் எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே ஒரு பிக்கப்தான். 2012ஆம் ஆண்டு மாடல், 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். கொஞ்ச நாளாகக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலைந்து தடவை திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். பட்டறைப் போர்மன் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன், அதே கதைதான். இப்போது குளோ பிளக் போயிருக்கும் என்கிறார். என் மாமா மகன் இன்ஜெக்டர் என்கிறான். எதைத்தான் மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்தான் டீசல் பக்கம் போக வேண்டும். உங்களுடையது சுற்றவே இல்லை, ஆகவே குளோ பிளக்குக்கும் இன்ஜெக்டருக்கும் இதில் ஒரு வேலையும் கிடையாது. குளோ பிளக் சிலிண்டரைச் சூடாக்கும், இன்ஜெக்டர் டீசலைப் பீச்சும், இரண்டும் சுற்றுகிற இன்ஜின் பிடிப்பதற்கான சமாச்சாரம். அதிலும் குளோ பிளக்கை நம் ஊரில் தேவைக்கு மேல் குற்றம் சொல்கிறார்கள். பழைய மாடல் டீசல்கள் பலவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும், சரி. ஆனால் கம்ப்யூட்டர் வைத்து அதிக அழுத்தத்தில் டீசல் பீச்சும் இப்போதைய காமன் ரெயில் இன்ஜின், நம் வெயிலுக்குக் குளோ பிளக் செத்தாலும் கொஞ்சம் உதறி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு எழுந்துவிடும்.

நாளைக் காலை ஹெட்லைட்டைப் போட்டு, வண்டியைச் சுவருக்கு எதிரே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று செத்துப்போனால் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. 'டக்டக்டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டாலும் அதேதான். வெளிச்சம் அப்படியே இருந்து, கனமாக ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் கோளாறு ஸ்டார்ட்டருக்குள். வெளிச்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால் கிளட்ச் மிதியடியில் இருக்கும் சுவிட்ச், ரிலே, சாவி சுவிட்ச் இவற்றைப் பார்க்க வேண்டும் (ஆட்டோ கியர்க்காரர்கள் இந்த இடத்தில் பி-யிலிருந்து என்-னுக்கு மாற்றி ஒரு தடவை முயன்று பார்க்கலாம், பல நேரம் அதிலேயே விடை கிடைத்துவிடும்).

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஸ்டார்ட்டர் மேல்தான் சந்தேகம். ஜப்பான் பிக்கப்புகளில் வருகிற பல ஸ்டார்ட்டர்களில், சோலினாய்டு என்கிற காந்த சுவிட்சுக்குள் இரண்டு செம்புத் துண்டுகள் இருக்கும். நீங்கள் சாவியைத் திருப்பும்போது ஒரு செம்புத் தட்டு வந்து அந்த இரண்டையும் சேர்த்து அடிக்கும், அந்த அடிதான் உங்களுக்குக் கேட்கிற 'டக்'. ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக. கடைசியில் தட்டு வந்து அடித்தாலும் சரியாகத் தொடாது, சத்தம் வரும், கரண்ட் போகாது. நாலைந்து தடவை திருப்பினால் எப்படியோ ஓர் ஓரத்தில் தொட்டு ஓடிவிடும். கழற்றிப் பார்த்தால் ஒரு துண்டு மொத்தமாகவும் மற்றது பிளேடு மாதிரி மெலிந்தும், கறுத்து, பள்ளம் விழுந்து இருக்கும். அந்தத் துண்டுகள் தனியாகக் கிடைக்கும். முழு ஸ்டார்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதனால் 'ஸ்டார்ட்டரை மாற்று' என்று சொல்வதற்கு முன் 'சோலினாய்டைத் திறந்து காட்டு' என்று சொல்லுங்கள்.

ஆனால் ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொல்லும் முன் கேபிளைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. ஹார்ட்வேர் கடையில் விற்கிற மலிவான மீட்டரே போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. சாவியைத் திருப்பி இன்ஜின் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை இருந்தால் சார்ஜும் சரி. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் அல்ல. மறுமுனையை ஸ்டார்ட்டரில் அந்தத் தடித்த கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். இன்ஜின் சுற்றும் நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ முனையோ கரண்டைத் தின்கிறது. உரமூட்டை ஏற்றுகிற வண்டி என்பதால் சொல்கிறேன், உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பையும் செம்பையும் சும்மா விடாது. முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சோடா மாவு கலந்த சுடுதண்ணீர் ஊற்றித் துடையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். ஸ்டார்ட்டருக்குப் போகும் அந்தத் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. ஸ்பானர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்க்க வேண்டாம்.

அதுவரைக்கும் வண்டியை இறக்கத்தில் நிறுத்துங்கள். பேட்டரி நன்றாக இருந்து ஸ்டார்ட்டர் மட்டும் மக்கர் செய்தால், மேனுவல் வண்டியைச் சாவியை ஆனில் வைத்து இரண்டாம் கியரில் உருட்டி எழுப்பலாம். பேட்டரியே சுத்தமாகச் செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் வராது, இன்ஜெக்டரைத் திறக்கிற கம்ப்யூட்டருக்கே கரண்ட் வேண்டும்.

கேள்வி: அண்ணே, எங்கள் பிக்கப் நன்றாகத்தான் ஓடியது. விலை ஏறுமுன் டிரம்மில் வாங்கி வைத்திருந்த டீசலை ஊற்றினார் வீட்டுக்காரர், மறுநாளிலிருந்து இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கும் வருகிறது.

பதில்: தங்கச்சி, தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது 2024 ஜூன் 10-இல். அதற்கு முன் வாங்கியது என்றால் அந்த டீசலுக்கு எப்போதோ வயதாகிவிட்டது. 2019 முதல் நம் பம்புகளில் வரும் சாதாரண டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல், பி7 என்று விற்பதில் 7 விழுக்காடு. அதாவது உங்கள் ஊரில் வெட்டிய குலையே சுற்றிக்கொண்டு டாங்கிக்கு வந்திருக்கலாம். நல்ல எரிபொருள்தான், ஆனால் வெறும் டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பாதி காலியான டிரம்முக்குள் ராத்திரி ஈரம் வியர்த்து அடியில் தண்ணீர் தங்கினால், அதில் கிருமி வளர்ந்து கூழ் மாதிரி சேரும். ஆறு மாதத்துக்கு மேல் இதை வைத்திருக்கவே கூடாது.

மஞ்சள் விளக்கு ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைச் சொல்கிறது என்றே நினைக்கிறேன், வண்டிப் புத்தகத்தில் படத்தை ஒத்துப் பாருங்கள். டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதற்கடியில் தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடித்துக் கொஞ்சம் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அமுக்குங்கள். வருவதைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். சுத்த டீசல் வரும்வரை இறக்கிவிட்டுத் திருகை மூடி, கைப்பம்பு கல் மாதிரி இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். பாட்டிலில் கறுப்புக் கூழ் வந்தால் ஃபில்டரை மாற்றுவது மட்டும் போதாது, டாங்கியையும் காலி செய்து கழுவ வேண்டும். மிச்ச டிரம் டீசலை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. பழைய போர்மன்கள் சிலர் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திவிட்டு இன்ஜினைச் சுற்றிக் காற்று எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதை அனுமதிக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போதே அதில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம், அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: பேட்டரி செத்துப்போனால் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து கேபிள் போட்டு எழுப்பலாமா?

பதில்: கூடாது. பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக மாட்டி 24 வோல்ட் ஓடும். அதை உங்கள் பிக்கப்பில் கொடுத்தால் கம்ப்யூட்டர் முதல் விளக்கு வரை எது போகும் என்று சொல்ல முடியாது. சின்ன 1 டன் லாரிகளில் 12 இருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேறொரு பிக்கப்போ காரோ கிடைத்தால் சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவிலும், அப்புறம் நல்லதின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்லதின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையைச் செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கடைசி முனையில்தான் பொறி பறக்கும்.

கேள்வி: எலி ஒயரைக் கடித்து வண்டி நின்றுவிட்டது. பானட்டுக்குள் எலி மருந்து வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். மருந்து தின்ற எலி இன்ஜினுக்குள்ளேயே எங்காவது செத்துக் கிடந்தால் நாற்றம் உங்களுக்குத்தான். வெளியே போய்ச் செத்தால் ஆந்தை தின்னும், பல செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே பெட்டி கட்டி வளர்க்கிற ஆந்தை அது, சில மருந்துகள் அதையும் சேர்த்துக் கொல்லும். பொறி வையுங்கள், வண்டிக்குள் சாப்பாட்டு மிச்சம் விடாதீர்கள், நிறுத்திய பிறகு பானட்டைத் திறந்து வைத்தால் இருட்டும் சூடும் இல்லாமல் எலி அவ்வளவாக வராது. கடித்த ஒயரை முறுக்கி டேப் ஒட்டாமல், ஈயம் வைத்து ஒட்டி மேலே சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.