கியாரடாஸ் ஏன் ஒரே அடியில் சுருண்டது?

"போக்கிமான் ஸ்கார்லெட் வீடியோ கேம் ஆடுகிறேன். ஆசையாக வளர்த்த கியாரடாஸ் என்ற போக்கிமான், மின்சார டைப் தலைவி அயோனோவின் ஜிம்மில் (சண்டை அரங்கில்) ஒரே மின்சார அடியில் சுருண்டுவிட்டது. நீர், மின்சாரம் மாதிரி வகைகளில் இரண்டு சேர்ந்த இரட்டை டைப்பே வேண்டாம், ஒற்றை டைப்பாகப் பார்த்து டீம் அமைக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவசரப்படாதீர்கள், பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை. கியாரடாஸ் நீரும் பறத்தலும் சேர்ந்தது, மின்சாரம் இரண்டையுமே இரண்டு மடங்கு தாக்கும், கேம் அதைக் கூட்டாமல் பெருக்குவதால் நான்கு மடங்காக வந்து விழுகிறது. அதே பெருக்கல்தான் உங்களைக் காப்பாற்றவும் செய்கிறது. புல் தாக்குதல் நீருக்கு இரண்டு மடங்கு, பறத்தலுக்குப் பாதி, ஆக கியாரடாஸுக்கு அது வெறும் சாதாரண அடி. நிலத் தாக்குதலோ பறத்தலுக்குப் பூஜ்யம், பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

இப்போது விஸ்காஷைப் பாருங்கள். நீரும் நிலமும். மின்சாரம் தொடவே தொடாது, இருக்கிற ஒரே பலவீனம் புல், ஆனால் அது நான்கு மடங்கு. எதிரில் புல் வந்தால் உடனே மாற்றிவிடுங்கள், மற்றபடி நிம்மதி.

ஒற்றை டைப் மோசமில்லை. பிகாச்சுவுக்கு நிலம் ஒன்றுதான் எதிரி, எங்கும் நான்கு மடங்கு பயம் கிடையாது. ஆனால் தன் டைப்பிலேயே உள்ள மூவுக்கு, அதாவது தாக்குதலுக்கு, கிடைக்கும் 1.5 மடங்கு போனஸ் அதற்கு ஒரே டைப்பில்தான், இரட்டை டைப்புக்கு இரண்டிலும். அதனால் நான் பெரும்பாலும் இரட்டைப் பக்கம்தான், அதுவும் இரண்டாவது டைப் முதலாவதின் ஓட்டையை அடைக்கிறதா பெரிதாக்குகிறதா என்று பார்த்த பிறகு.

சரி, உங்கள் ஜிம்முக்கு வருவோம். ஸ்கார்லெட் நடக்கும் பால்டியா பகுதியின் வூப்பர் 20ஆம் லெவலில் க்ளாட்சயராக மாறும், விஷமும் நிலமும் சேர்ந்த அதைக் கொண்டுபோங்கள், மின்சார அடி எதுவும் அதன்மேல் எடுபடாது. ஒரு இடத்தில் முக்கியமாக ஜாக்கிரதை: அயோனோ கடைசியாக இறக்கும் மிஸ்மேஜியஸ் டெராஸ்டல் ஆனதும் (சண்டை நடுவே டைப்பை மாற்றும் வித்தை) வெறும் மின்சார டைப் ஆகிவிடும், கூடவே மிதக்க வைக்கும் லெவிடேட் திறன் இருப்பதால் நில மூவும் படாது, அதாவது ஒற்றை டைப், பலவீனமே இல்லை (அந்தக் கூட்டணியை யோசித்தவருக்கு ஒரு சபாஷ்). அங்கே டைப் கணக்கை மறந்துவிட்டு, நிலம் அல்லாத உங்கள் பலமான மூவ் எதுவோ அதைப் போடுங்கள்.