நஷ்டத்துக்கும் வரியா? குடியாத்தம் வாசகரின் கேள்விக்குப் பதில்

குடியாத்தத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். போன நிதியாண்டில் பிட்காயினில் 1,20,000 ரூபாய் லாபம், பேர் தெரியாத ஒரு காயினில் 2,80,000 நஷ்டம். மொத்தத்தில் நஷ்டம்தானே, வரி வராதுதானே என்று கேட்கிறார். அது போக, டெலிகிராம் குழுவில் சொன்ன ஆப் ஒன்றில் 90,000 போட்டிருக்கிறார். அது இப்போது 9,14,000 ஆகிவிட்டதாகக் காட்டுகிறதாம், எடுக்கப் போனால் முதலில் 62,000 'வரி' கட்டு என்கிறதாம். வேலூரில் ஒருவர் 15 சதவீத கமிஷனுக்கு மீட்டுத் தருகிறேன் என்கிறாராம்.

தம்பி, வரி உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். ஒரு காயினில் விட்டதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, கடை வருமானத்திலும் முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. உங்களுக்கு 36,000, அதற்கு மேல் செஸ் என்கிற கூடுதல் வரி 4 சதவீதம் 1,440, ஆக 37,440. ஷேரில் நஷ்டப்பட்டால் எட்டு வருஷம் வரை கழிக்க விடுகிறார்கள், இதில் லாபத்துக்கு மட்டும் பங்குக்கு வருகிறார்கள். எனக்கு இதில் எந்த நியாயமும் தெரியவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

ஒரே ஒரு ஆறுதல், டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி. விற்கும்போது எக்ஸ்சேஞ்ச், அதாவது காயினை வாங்கி விற்கும் தளம், விற்ற தொகையில் 1 சதவீதம் பிடிக்கும், நீங்கள் நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிக்கும். 5 லட்சத்துக்கு விற்றிருந்தால் 5,000 உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கும், அதைக் கழித்து 32,440 கட்டினால் போதும். விற்றதெல்லாம் நஷ்டம், வேறு வருமானத்துக்கும் வரி கட்டும் நிலை இல்லை என்றால் அந்த 5,000 முழுசாகவே திரும்பி வரும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும், போடாமல் விட்டவர்கள்தான் இங்கே அதிகம். ஐநூறு ரூபாய்க்கு பிரவுசிங் சென்டரில் ஐடிஆர்-4 என்கிற ரிட்டர்ன் படிவத்தைப் போட்டுவிடாதீர்கள், கிரிப்டோவுக்கு அதில் இடமே கிடையாது. கடைக்காரரான நீங்கள் ஐடிஆர்-3 போட வேண்டும்.

இப்போது அந்த ஆப். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 62,000-ஐ வெளிமாநில டிரேடர்ஸ் ஒன்றின் கரண்ட் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது. வருமான வரி ஒருநாளும் அப்படிப் போகாது. உங்கள் பான் நம்பரில், வரித்துறை போர்ட்டலில் சலான் போட்டு நீங்களேதான் கட்டுவீர்கள். அந்த 9,14,000 வெறும் நம்பர்தான் தம்பி, பணம் இல்லை. 62,000 கட்டினால் நாளைக்கு வேறு பேரில் இன்னொரு கட்டணம் கேட்பார்கள். தயவுசெய்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

மீட்டுத் தருகிறேன் என்கிறவர் அதைவிட மோசம். என்னிடம் வரும் ராணிப்பேட்டைக்காரர் ஒருவர், விட்ட 2 லட்சத்தை மீட்க இப்படி ஒரு ஆளிடம் முதலில் 25,000, அப்புறம் 'வாலட் திறக்க' 40,000 கொடுத்தார். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது, ஆள் போனை எடுப்பதில்லை. ஏமாந்தவர்களின் நம்பரே இவர்களிடம் கைமாறி வருகிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு காயினைத் திருப்பி வாங்கித் தர எந்தப் புரோக்கராலும் முடியாது.

செய்ய வேண்டியது, இன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுவது, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதிவது. பணம் இன்னும் ஏதாவது வங்கிக் கணக்கில் நின்றால்தான் முடக்க முடியும், நாள் போகப்போக அந்த வாய்ப்பு குறையும். ஸ்டேஷனுக்குப் போனால் சைபர் கிரைமுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் வங்கியில் லெட்டர் வாங்கி வா என்பார்கள். பணத்தைத் தொலைத்தவனையே இப்படி அலைய விடுவது எனக்குப் பொறுக்கவே இல்லை, இருந்தாலும் புகார் நம்பர் கைக்கு வரும்வரை விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் யுடிஆர் நம்பரை, அதாவது வங்கிப் பரிவர்த்தனை எண்ணை, எழுதிக்கொள்ளுங்கள். டெலிகிராம் குழுவை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் எல்லா மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், உங்களைத் தூக்கிவிட்டால் அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது.