மியூட் மூடுவதற்கும் ஒரு நேரம் உண்டு

ஐயா, வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்க் கூத்துக்கு டி.டி.ஏ. 7294 என்ற ஐ.சி.யில் நான் செய்த ஆம்ப்ளிபயரைத்தான் வைக்கிறோம். மாலையில் முதன்முறை போடும்போது சத்தமில்லை. இரவில் மின்சாரம் வந்து போகும்போது, ஓடும் ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் சுவிட்சைத் திருப்பினால் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் 'டப்' என்று இடி. ஐ.சி.யில் சத்தத்தை அடைக்கும் மியூட் காலுக்கு மெயின் பிளஸிலிருந்து ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே போட்டால் தீருமா?
(வாசகர், தருமபுரி மாவட்டம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதன்முறை போடும்போது சத்தமில்லை என்கிறீர்களே, கோளாறு எங்கே என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. உங்கள் மியூட் சரியாகத் தாமதித்துத் திறக்கிறது. மூடுவதற்கும் தாமதிக்கிறது, அதுதான் பிழை.

ஆம்ப்ளிபயரின் வெளியீடு பூஜ்ய வோல்ட்டில் நிற்க வேண்டும். மின்சாரம் ஏறும்போதும் இறங்கும்போதும் பிளஸும் மைனஸும் ஒரே சீராக நகர்வதில்லை. அந்த நேரத்தில் வெளியீடு ஒரு பக்கம் சாய்ந்து ஸ்பீக்கர் கூம்பைத் தள்ளிவிடுகிறது. இந்த ஐ.சி.யின் மியூட் காலான பத்தாம் கால் 1.5 வோல்ட்டுக்குக் கீழே சத்தத்தை மூடும், 3.5க்கு மேலே திறக்கும். அதற்கு நீங்கள் மின்சாரம் எடுத்திருப்பதோ பெரிய பில்டர் கெபாசிட்டரிலிருந்து. அது வற்றும்வரை மியூட் திறந்தே கிடக்கும். இரண்டு வினாடியில் சுவிட்சைத் திருப்பினால் மியூட் கெபாசிட்டரும் காலியாகியிருக்காது, திறக்கும் தாமதமும் போய்விடும். கட்டியங்காரன் பேசும்போது இப்படி இடி விழுந்து, முன்வரிசையில் உறங்கிய குழந்தைகள் அலறி எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இதைச் சின்னக் குறை என்று விடாதீர்கள்.

மியூட்டுக்கான மின்சாரத்தை டிரான்ஸ்பார்மரின் செகண்டரியிலிருந்து தனி டயோடு ஒன்றில் எடுத்து, ரெசிஸ்டரும் வோல்ட்டை நிலைநிறுத்தும் ஜீனர் டயோடும் வைத்து 5 வோல்ட்டில் நிறுத்துங்கள். அங்கே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். மின்சாரம் போனதும் அது கால் வினாடியில் வற்றிவிடும். அதிலிருந்து 47 கிலோ ஓம் வழியே மியூட் காலுக்கு 47 மைக்ரோஃபாரட். இரண்டரை வினாடி கழித்துத் திறக்கும். அந்த 47 கிலோ ஓமுக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடை, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்கும்படி வையுங்கள். கெபாசிட்டர் மெதுவாக நிரம்பும், சட்டென்று காலியாகும். ஐ.சி.யை உறங்கவைக்கும் ஒன்பதாம் காலான ஸ்டாண்ட்பைக்கு 22 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரடும் போடுங்கள், டயோடு வேண்டாம். அது மியூட்டுக்கு முன்னே திறந்து, பின்னே மூட வேண்டும்.

ரிலேயின் வேலை வேறு. ஐ.சி. எரிந்து ஸ்பீக்கருக்குள் நேர்மின்சாரம் (டி.சி.) பாய்ந்தால் மியூட் காப்பாற்றாது. அதைக் கண்டறியும் சுற்றோடு சேர்ந்த ரிலேதான் காப்பாற்றும். கூத்து வருமானத்தில் வாங்கிய ஸ்பீக்கர் என்றால் அதையும் போடுங்கள், ஆனால் இரண்டாவதாக.

மாற்றியபின் ஊபர் (தாழ்ஒலி ஸ்பீக்கர்) கூம்பின் மேல் விரல் நுனியை லேசாக வைத்துக்கொண்டு சுவிட்சை அணையுங்கள். காதுக்கு எட்டாத சிறு தள்ளலும் விரலுக்குத் தெரியும். தெரிந்தால் உள்ளேயா வெளியேயா என்று எழுதுங்கள்.