தங்க மோதிரத்தில் பாதரசம் பட்டுவிட்டதா? அடுப்பில் காட்டாதீர்கள்

கேள்வி: வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. தரையில் உருண்ட பாதரசத்தை மனைவி கையாலேயே வாரினார். அவருடைய 22 காரட் மோதிரம் வெள்ளி மாதிரி வெளுத்துவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கேஸ் அடுப்பில் காட்டினால் பழைய நிறம் வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூடுபட்டால் நிறம் திரும்பலாம் என்பது உண்மைதான். ஆனால் மோதிரத்தை விட்டுக் கிளம்பும் பாதரசம் ஆவியாகி உங்கள் சமையலறைக் காற்றில் கலந்துவிடும். பாதரசத்தைத் தொடுவதைவிட மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. நுரையீரல் வழியாக ரத்தத்தில் ஏறி, மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மோதிரத்தைக் கழற்றி, மூடி இறுக்கமான கண்ணாடிக் குப்பியில் போட்டுவையுங்கள். அதைவிட அவசரம் அந்த அறை. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்புங்கள். ஃபேன், ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பம் போட்டால் உருண்டைகள் இன்னும் பொடியாகச் சிதறும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். டைல்ஸ் இடுக்கிலும் கட்டில் காலடியிலும் ஒளிந்திருக்கும் துளிகள் பளிச்சென்று மின்னும். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டையால் அவற்றை ஒன்றுசேர்த்து இங்க் ஃபில்லரால் உறிஞ்சுங்கள். மிஞ்சும் பொடித் துளிகளை ஒட்டுநாடாவில் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் இன்னொரு குப்பியில் அடையுங்கள். சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டாதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, மோதிரம் ஏன் வெளுத்தது? காற்று, தண்ணீர், வியர்வை எதற்கும் தங்கம் அசைந்து கொடுக்காது. நைட்ரிக் அமிலத்தில் தனியாகப் போட்டாலும் கரையாது. அப்படிப்பட்ட உலோகம் பாதரசத்தோடு மட்டும் சாதாரண வெப்பத்திலேயே கலந்துவிடும். உங்கள் மோதிரத்தின் மேல் படிந்திருப்பது அந்த ரசக்கலவை. சோப்புக்கு அது எப்படிப் போகும்?

உலகத்தின் மிகப் பெரிய பாதரசப் பிரச்சினைகளில் ஒன்று இந்தக் கலப்பிலிருந்துதான் வருகிறது. தென் அமெரிக்க நாடான பெருவின் மாத்ரே தெ தியோஸ் பகுதியில், ஆற்றங்கரை மணலை அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் கழுவிய மணலில் பாதரசத்தைக் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். துணியில் பிழிந்து, மிஞ்சும் உருண்டையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்த் தங்கம் நிற்கும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியமும் இதேதான். போன ஆவி மழையோடு ஆற்றில் இறங்குகிறது; அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமாக மாற்ற, மீன் வழியாக மனிதருக்கு வருகிறது. 2016-இல் பெரு அரசு அங்கே நெருக்கடிநிலையே அறிவித்தது. மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இத்தகைய சிறு சுரங்கங்களுடையதுதான். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்னும் சர்வதேச உடன்படிக்கை, திறந்த வெளியில் இப்படிச் சுடுவதை ஒழிக்க வேண்டும் என்கிறது. மூடிய கலத்தில் சுட்டு ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் பெரும்பகுதி பாதரசம் திரும்பக் கிடைக்கும். விலை அதிகமில்லாத இந்தக் கருவி இன்னும் எத்தனையோ பேர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இனி மோதிரத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், தங்கம் எங்கும் போய்விடவில்லை. புகைபோக்கி வசதியுள்ள சுத்திகரிப்புக் கூடத்திலோ பெரிய பட்டறையிலோ கொடுங்கள். கொடுக்கும்போதே “இதில் பாதரசம் பட்டிருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால், விவரம் தெரியாமல் ஊதுகுழலை வைக்கும் ஆசாரி அந்த ஆவியை நேராக மூச்சில் இழுப்பார். பாதரசம் போனபின் மேற்பரப்பு சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். மெருகு போட்டால் சரியாகும், எடை கொஞ்சம் குறையலாம். கல் பதித்த மோதிரமென்றால் முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம், பற்றவைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். பாதரசம் உள்ளே இறங்கிய இடத்தில் தங்கம் நொறுங்கும் தன்மை பெறும். விரிசல் இருந்தால் உருக்கிப் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது.