தட்டினால் பாடும் கல்: கேள்வி – பதில்

கேள்வி: கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வெட்டி மீந்த பட்டைக் கற்களை வைத்து, வருகிறவர்கள் தட்டித் தட்டி இசைக்கிற சிற்பம் செய்ய ஆசை. சில கல் கணீர் என்கிறது, சில ‘டொக்’கென்று நின்றுவிடுகிறது. ஏன்? சென்சார் எங்கே ஒட்டுவது? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– வாசகர், பர்கூர்

பதில்: பெரும்பாலும் கல்லின் மேல் குற்றமில்லை, தாங்கும் இடத்தின் மேல்தான். ஒரே கனமுள்ள பட்டையில், இரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி அதிராத இரண்டு இடங்கள் உண்டு. 60 செ.மீ. பட்டை என்றால் 13.4 செ.மீ. அங்கே பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் மட்டும் கயிறோ ரப்பரோ கொடுங்கள். நடுவில் தாங்கினால் நாதம் செத்துவிடும்.

அப்படியும் ‘டொக்’ என்றால், கல்லை நனைத்துத் துடையுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு கறுப்பாக நின்றால் அது விரிசல். அந்தக் கல்லைத் திண்ணைக்குப் போட்டுவிடுங்கள். ஃபிளேம் பினிஷ் செய்த (தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய) கல்லும் வேண்டாம், சூட்டில் மேல்பரப்பு நுணுக்கமாக வெடித்திருக்கும்.

சுருதிக்கு: அதே கனத்தில் 60 செ.மீ.யை 42.4 ஆகக் குறைத்தால் மேல் ஸ்தாயி. முனையைக் குறைத்தால் ஏறும், அடிப்பக்கம் நடுவில் அரைத்தால் இறங்கும். எனவே இரண்டு நூல் (கால் அங்குலம்) நீளமாகவே வெட்டி வையுங்கள். அரைத்த சூட்டோடு அளக்காதீர்கள்.

சென்சாருக்கு 27 மி.மீ. பீசோ தகடு (அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகடு) போதும். அடிப்பக்கம் நடுவில், சூப்பர் குளூவால் மெல்லிசாக ஒட்டுங்கள். சிலிக்கானைத் தடிமனாக அப்பினால் அதிர்வை அதுவே விழுங்கிவிடும். பீசோவுக்குக் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர், மின்னழுத்தம் மீறாமல் காக்க 5.1 வோல்ட் ஜீனர் டயோடு, பிறகு ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் அனலாக் பின். ஒரு தட்டு ஐந்தாறாகப் பதிவானால், முதல் தட்டுக்குப் பின் 50 மில்லி விநாடி எதையும் கணக்கில் எடுக்காதபடி நிரல் எழுதுங்கள். பக்கத்துக் கல்லும் சேர்ந்து பதிவானால் கோளாறு நிரலில் இல்லை, கற்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் வழியே அதிர்வு கடக்கிறது, ரப்பரை மாற்றுங்கள்.

மின்சாரமே வேண்டாம் என்றும் நினைக்கலாம். இத்தாலியின் சார்டினியா தீவுச் சிற்பி பினூச்சோ ஷோலா, கல்லில் நெருக்கமாக ரம்ப வெட்டுகள் போட்டே கையால் தடவினால் பாடும் சிற்பங்கள் செய்தார். ரம்பம்தான் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறதே!

பிழைப்பு? தொடக்கத்தில் பட்டறை வேலையை விடாதீர்கள். 60×8×3 செ.மீ. பட்டை ஒன்றே 4 கிலோ வரும். சட்டம், வண்டி, நிறுத்தும் கூலி எல்லாவற்றையும் கொட்டேஷனில் தனித்தனியாகப் போடுங்கள். பள்ளியோ பூங்காவோ, ஒரு வருடப் பராமரிப்புக்குத் தனித் தொகை எழுதி வாங்குங்கள். முதலில் காணாமல் போவது தட்டுகிற கட்டைதான். அதைச் சங்கிலியில் கட்டி, கூடவே நான்கு உபரியும் கொடுத்துவிடுங்கள்.