4 டிபி டிஸ்க் மாட்டியும் டிஎஃப் (இட அளவைக் காட்டும் கட்டளை) 1.8 டிபிதான் காட்டுகிறது, ரெய்டு 1 பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது எப்படி?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இதுதான்: உபுண்டுவில் எம்டி ரெய்டு 1 (ஒரே கோப்புகளை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு), சிஸ்டம் தனி எஸ்எஸ்டியில். இரண்டு 2 டிபி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 4 டிபி மாட்டினீர்கள், பழைய பார்ட்டிஷன் டேபிளை அப்படியே நகலெடுத்தீர்கள், ரெய்டு பார்ட்டிஷனுக்குப் பின்னாலேயே ஸ்வாப் உட்கார்ந்து வழியை மறிக்கிறது. ஓடும்போதே எஸ்டிஏ1-ஐ (முதல் டிஸ்க்கின் ரெய்டு பார்ட்டிஷனை) அழித்துவிட்டுப் பெரிதாகப் போடலாமா என்பது கேள்வி.

வேண்டாம். கைவசம் ரெய்டு 1 இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை. ஒரு டிஸ்க்கை அரேயிலிருந்து (இரண்டும் சேர்ந்த ரெய்டு தொகுப்பிலிருந்து) வெளியே எடுத்து, புதிதாகப் பிரித்து, திரும்பச் சேர்த்தால் நகலெடுக்கும் வேலையை கர்னலே பார்த்துக்கொள்ளும், அப்புறம் அடுத்த டிஸ்க். இருந்த இடத்திலேயே நீட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: மெட்டாடேட்டா 1.2 என்றால் அரேயின் சூப்பர்பிளாக் (அரேயின் விவரங்கள் உள்ள பகுதி) பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கும், ஆனால் 0.90 அல்லது 1.0 என்றால் அது கடைசியில் இருக்கும், பார்ட்டிஷனை நீட்டியதும் கர்னல் புதிய கடைசியில் போய்த் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எஸ்டிபி1-ஐ (இரண்டாவது டிஸ்க்கின் ரெய்டு பார்ட்டிஷனை) வெளியே எடுத்த நொடியிலிருந்து உங்கள் எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்டிஏ1 ஒன்றுதான் ஆதாரம், அதில் பல மாதமாக யாரும் படிக்காத ஒரு மூலையில் கெட்ட செக்டர் இருந்தால் அது ரீபில்ட் பாதியில்தான் தெரியவரும். அதனால் முதலில் எம்டி0-வின் (உங்கள் அரேயின் பெயர்) சிங்க் ஆக்‌ஷன் கோப்பில் செக் என்று எழுதி முழு அரேயையும் ஒரு தடவை படிக்க விடுங்கள். முடிந்ததும் இரண்டு டிஸ்க்கிலும் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் கருவி) ஓட்டி, கரன்ட் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்) 0 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த டிஸ்க்கின் பிரச்சினையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கடைசியாகக் கழற்றிய பழைய 2 டிபி டிஸ்க்கை விற்றுவிடாதீர்கள், அன்றைய தேதி வரைக்குமான முழு நகல் அதில் இருக்கிறது. அதே பெட்டியில் மட்டும் மறுபடி மாட்ட வேண்டாம், பழைய டிஸ்க்குக்கும் இப்போதைய அரேக்கும் யுயுஐடி (அடையாள எண்) ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்வாப்பை நிறுத்தி, எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) அதன் வரியையும் எடுத்துவிடுங்கள். எம்டிஏடிஎம்-இல் (எம்டி ரெய்டை நிர்வகிக்கும் கட்டளை) எஸ்டிபி1-க்கு ஃபெயில், பிறகு ரிமூவ், பிறகு ஜீரோ சூப்பர்பிளாக். டிஸ்க்கின் பெயரைச் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எண்டரைத் தட்டுங்கள். பார்ட்டிஷன் டேபிள் எம்பிஆர் (பழைய வகை) என்றால் 2 டிஐபிக்கு (சுமார் 2.2 டிபி) மேல் அதற்குக் கணக்கே தெரியாது, ஜிபிடி (புதிய வகை) போட்டே ஆக வேண்டும். பார்ட்டிஷனை 2048-வது செக்டரில் தொடங்கி, கடைசியில் ஒரு 100 எம்பி காலியாக விடுங்கள், நாளைக்கு சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வேறு கம்பெனி டிஸ்க் வாங்கி மாட்டும்போது அது சில செக்டர் குறைவாக இருந்தாலும் இடிக்காது. பிறகு எம்டிஏடிஎம்-இல் ஆட் கொடுத்து எஸ்டிபி1-ஐத் திரும்பச் சேருங்கள்.

நொடிக்கு 150 எம்பி வேகம் என்றாலும் 2 டிபிக்குக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகும். நம் ஊரில் நிறையப் பேர் இந்தப் பெட்டியை எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு பாம் ஷெல்டருக்குள்தான் வைத்திருக்கிறார்கள், உள்ளே காற்றே கிடையாது. கதவைத் திறந்து ஒரு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள், முடிந்தால் ராத்திரியில் ஓட விடுங்கள். எம்டிஸ்டாட்டில் (ரெய்டின் நிலையைக் காட்டும் கோப்பு) ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் தெரியும், அந்த அடிக்கோடு மறைந்து இரண்டு யூவாக ஆகும்வரை எஸ்டிஏ பக்கம் கையை வைக்காதீர்கள். ஆனதும் அதற்கும் இதே வேலை.

இரண்டும் முடிந்தாலும் அரே இன்னும் பழைய அளவில்தான் நிற்கும். எம்டிஏடிஎம் குரோ, சைஸ் மேக்ஸ். பிட்மேப் (எந்தப் பகுதியை சிங்க் செய்ய வேண்டும் என்ற குறிப்பு) இருப்பதால் மறுத்தால் பிட்மேப் நன் கொடுத்து எடுத்துவிட்டு, பெரிதாக்கிய பின் இன்டர்னல் என்று திரும்பப் போடுங்கள். புதிதாகச் சேர்ந்த பாதியை அது சிங்க் செய்யும், வழக்கம்போல பயன்படுத்தலாம். கடைசியாக ஃபைல் சிஸ்டம்: இஎக்ஸ்டி4 என்றால் மவுண்ட் ஆகியிருக்கும்போதே ரீசைஸ்2எஃப்எஸ், அளவு கொடுக்கத் தேவையில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ், அதற்கு மவுண்ட் பாயிண்டைக் கொடுக்க வேண்டும். நடுவில் எல்விஎம் (இடத்தைப் பங்கிட்டுத் தரும் அடுக்கு) இருந்தால் முதலில் பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட். டிஎஃப் 3.6 டிபி பக்கம் காட்டும்.

சிறிதாக்குவது எப்படி என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அது அப்படியே தலைகீழ்: முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு அரே, கடைசியில்தான் பார்ட்டிஷன். வரிசை மாறினால் கோப்புகளின் வால் வெட்டுப்படும். இஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்துதான் குறைக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் அந்த யோசனையையே விட்டுவிட்டு, வேறு டிஸ்க்கில் புதிதாக உருவாக்கி நகலெடுங்கள்.